நாலு தேசத்துக்கும் ஒரே தூக்கம்

மாந்தோவா பக்கம், இத்தாலி
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அனுசுயாவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஐந்து வாரம் ஆகிறது. அத்தை போனிலும் அதே கதை. வேறு வழி இல்லாமல் தபாலில் வருகிறேன். நான் கடைசியாகக் கையால் எழுதியது எட்டாம் வகுப்பு லீவு லெட்டர். அதுவும் பக்கத்து பெஞ்சுக்காரன் எழுதிக் கொடுத்தது. அதனால் பிழை இருந்தால் பார்க்காதே, விஷயத்தை மட்டும் பார்.

நான் இப்போது ஒரு மாட்டுப் பண்ணையில் இருக்கிறேன். இருநூற்றுப் பத்து மாடு. ஆர்கன் வெல்டிங் தெரிந்தவன் உட்கார்ந்து மடி கழுவுகிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கறவை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கறவை. நடுவில் கிடைப்பதுதான் தூக்கம். அதையும் இரண்டாக நறுக்கித்தான் கொடுக்கிறார்கள். உடம்பு பூரா வலி. வலியைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்த அசதிதான் போகவே மாட்டேன் என்கிறது.

வந்த அன்று முதலாளி கேட்ட முதல் கேள்வி, "தோவே தோர்மி?" எனக்கு இத்தாலி பாஷையில் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் புரிந்தது. எங்கே தூங்குகிறாய் என்று கேட்கிறான். ருமேனியாவில் கம்பெனி தங்க வைத்த இரும்புக் கன்டெய்னரில் எட்டுப் பேர் இருந்தோமே, அங்கே நாங்கள் கற்ற முதல் சொல்லும் இதுதான். பகலில் சூப்பர்வைசர் கதவைத் திறந்து போர்வைகளைக் கைகாட்டிக் கேட்பான். "த்வார்மே" என்போம். தூங்குகிறான் என்று அர்த்தம். அவ்வளவு முரட்டு ஆள், அந்த ஒரு சொல்லுக்கு அடங்கி பூட்ஸ் சத்தம் வராமல் வெளியே போவான். நைட் ஷிப்டு முடித்துப் படுத்தவனை எழுப்பக் கூடாது, போர்வையை விலக்கிப் பார்க்கவும் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நம்ம பட்டறை ரூமில் என்ன சட்டமோ அதே சட்டம்தான் அங்கேயும்.

இங்கே பால் எடுக்க வரும் டேங்கர் டிரைவர் ஒரு ருமேனியாக்காரன். எப்படி இரண்டு ஊரிலும் ஒரே சொல் என்று அவனைக் கேட்டேன். லத்தீன் என்று ஒரு பழைய பாஷை இருந்ததாம். அதில் தோர்மிரே என்று ஒரு வினைச்சொல்லாம். அதுதான் ருமேனியா, இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் வாய் மாறி நடமாடுகிறது என்றான். அதைக் கேட்டதும் எனக்கு ஏனோ கொஞ்சம் தெம்பாக இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த ஒன்றையாவது புதிதாகப் படிக்க வேண்டாம்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் தம்பி வெற்றிச்செல்வனை விட்டுவிட்டு நான் மட்டும் ஏன் ஓடி வந்தேன் என்று கடைசியாகப் போனில் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். பதில் இதுதான். அந்த ருமேனியா கம்பெனியில் நாலு மாதமாகச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. இத்தாலி போகிற லாரிக்காரன் ஒருவன் கிடைத்தான். அவன் பிப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து ஒரு ஆளுக்குத்தான் இடம், இரண்டு நிமிடத்தில் ஏறு என்றான். வெற்றி நைட் ஷிப்டு முடித்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நல்ல தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை. போய்ச் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிட்டு அவனையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

அவனும் என் போனை எடுப்பதில்லை. எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. பண்ணை விலாசம் பின்னால் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் அப்படியே பார்த்து எழுதினால் வந்துவிடும்.

உன்,
டில்லிபாபு


கள்ளிக்குப்பம்
19 மே 2024

டில்லிபாபுவுக்கு,

கடிதம் வந்தது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இத்தாலியா? பெரிய எடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் நாலு பேர் காதில் விழுந்தது.

மாட்டுப் பண்ணை, லத்தீன், டேங்கர் டிரைவர் எல்லாம் படித்தேன். இரண்டு பக்கம் அதற்கே போய்விட்டது. என் தம்பிக்கு எட்டு வரி. உனக்கு எது சுலபமாக வருகிறது என்று அதிலேயே தெரிகிறது.

அவனைப் பற்றி ஒரு வரி கேட்டாய். அவனுக்கு வேலை இல்லை. நீ ஓடியதற்கு அவனும் உடந்தை என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். பர்மிட்டை ரத்து செய்ய எழுதிப் போட்டிருக்கிறார்களாம், அது முடியும்வரை அந்தக் கன்டெய்னரிலேயே கிடக்கிறான். மற்ற ஆறு பேரும் அவனோடு பேசுவதில்லை, பேசினால் தங்களுக்கும் ஆபத்து என்று. ஞாயிறு ஒரு நாள் போன் பண்ணுகிறான். "நல்லா கீறேன்கா" என்கிறான். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். உன்னைப் பற்றிக் கேட்டால் கட் பண்ணிவிடுகிறான்.

அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். "அவன் துன்னானா தெரியலியே" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. நான் காலையில் எட்டு மணிக்கு கார்மென்ட்ஸ் கம்பெனியில் நின்றால் ஆறரை வரை நின்ற இடம்தான். வந்து அவளைச் சாப்பிட வைக்க ஒரு மணி நேரம். எனக்கு யார் மேல் கோபம் என்றே சில நாள் மறந்துபோகிறது, அவ்வளவு அசதி. அப்புறம் ஞாபகம் வந்துவிடுகிறது.

அவனுக்குப் போகவே இஷ்டமில்லை. அது உனக்கும் தெரியும். வானகரத்தில் ஏஜென்ட் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, "அக்கா, நான் இங்கியே எதுனா பாத்துக்கறேன்" என்றான். நான்தான், "மாமா கூட இருக்கும்போது உனக்கின்னாடா பயம்" என்று தள்ளிவிட்டேன். உன்னை நம்பித் தள்ளினேன். அதனால் நான் கேட்பதற்கு நீ பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உனக்குத் தூக்கத்தைக் கெடுக்க மனசு வரவில்லையா? கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவனை நீ எத்தனை ஞாயிற்றுக்கிழமை காலைப் பிடித்து இழுத்து எழுப்பியிருக்கிறாய், கிரிக்கெட்டுக்கு ஆள் குறைகிறது என்று? ஒரு உதை விட்டிருந்தால் எழுந்திருப்பான். இரண்டு நிமிடம் இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு நிமிடத்தில் அவனை எழுப்பி, "இன்னா மச்சான், நான் போறேன்டா" என்று சொல்லவாவது சொல்லியிருக்கலாம். அவன் உன்னைத் தடுத்திருப்பானா?

நிஜத்தை எழுது. இல்லையென்றால் எழுதாதே.

அனுசுயா


அல்மேரியா, ஸ்பெயின்
14 ஜூலை 2024

அன்புள்ள அனுசுயாவுக்கு,

பண்ணையை விட்டுக் கிளம்பிய அன்று உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. பஸ்ஸில் மூன்று நாள் அதையே படித்துக்கொண்டு வந்தேன்.

போர்ச்சுகலுக்குப் போனால் சட்டப்படி தங்குவதற்குப் பேப்பர் கொடுக்கிறார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். லிஸ்பனில் இறங்கினால், ஜூன் மாத ஆரம்பத்திலேயே அந்த வழியை மூடிவிட்டார்களாம். நான் போய்ச் சேர்ந்தது ஏழு நாள் கழித்து. நம்ம ராசி அப்படி. அங்கே ஒரு சர்ச்சில் சாப்பாடு போட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் ஒரு அம்மா கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று என்னைக் கேட்டார், "ஓந்தே தோர்மெஷ்?" மறுபடி அதே கேள்வி. பஸ் ஸ்டாண்டு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நண்பன் வீடு என்றேன். இப்போது ஸ்பெயினில் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டத்தில் குடமிளகாய் பறிக்கிறேன். உள்ளே சூடு, நம்ம ஊர் மே மாதம் பரவாயில்லை என்று தோன்றும். இங்கேயும் மேஸ்திரி கேட்டது அதேதான், "தோந்தே துயெர்மெஸ்?" நாலு தேசம் ஆகிவிட்டது. பெயர் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள்.

நிஜத்தை எழுது என்றாய்.

ஒரு ஆளுக்கு இடம் என்று எழுதியது பொய். இரண்டு பேருக்கு இடம் இருந்தது. வெற்றிக்கும் எனக்கும் சேர்த்துத்தான் அந்த லாரிக்காரனிடம் பேசியிருந்தேன். அந்த ஞாயிறு வருகிறான் என்று வெற்றிக்கும் தெரியும். காலையில் ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது அவன் கேட்டான், "மாமே, இன்னிக்கு கெளம்பறமா?" நான் சொன்னேன், "வர்றது டவுட்டுடா. நீ படு. வந்தா எழுப்பறேன்."

அவனுக்கு அப்போது இருமல். ஜனவரிக் குளிரில் பிடித்தது, விடவே இல்லை. லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை, அதற்குக் கீழே ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான் இரண்டு பேரும் படுக்க வேண்டும். ஹங்கேரி எல்லையில் நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ வரிசையில் நிற்கும். அங்கே ஒரு இருமல் வந்தால் போதும், மூன்று பேருக்கும் ஜெயில். முந்தின நாள் லாரிக்காரனே கேட்டான், இருமுகிறவன் வருகிறானா என்று. நான் பதில் சொல்லாமல் வந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தேன்.

பயந்துவிட்டேன் அனு. அவ்வளவுதான். அவனுக்கு நல்லது என்று நினைத்ததெல்லாம் லாரி கிளம்பிய பிறகு சேர்த்துக்கொண்டது.

இதை எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வெற்றி எப்படி இருக்கிறான்? இருமல் நின்றதா?

டில்லிபாபு


கள்ளிக்குப்பம்
8 செப்டம்பர் 2024

டில்லிபாபுவுக்கு,

வெற்றி வந்துவிட்டான். ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி ஏர்போர்ட்டில் போய் அழைத்து வந்தேன். ஆறு வாரம் ஏதோ ஒரு முகாமில் பூட்டி வைத்து, பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பதினொரு கிலோ குறைந்திருக்கிறான். அம்மா அவனைப் பார்த்து அழவில்லை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சில் ஒன்றுமில்லை, சளிதான், மாத்திரையில் போய்விடும் என்றார். அந்த ஒரு நல்ல சேதியை உனக்கும் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். பொய்யை ஒத்துக்கொண்டிருக்கிறாய், அதை அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று. கடைசி வரி வரை கேட்டான். பிறகு சொன்னான், "நான் தூங்கலக்கா."

எனக்கு முதலில் புரியவில்லை. "எப்பொடா?" என்றேன்.

"அன்னிக்கு. முயிச்சிகினுதான் இருந்தேன்."

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ எழுப்புகிறேன் என்று சொன்னதும் அவன் ஷூவைக் கழற்றவில்லை. போர்வைக்குள் ஷூவோடு படுத்தான், நீ தொட்டதும் எழுந்து ஓடலாம் என்று. இருமல் வந்தால் மற்றவர்கள் விழித்துக்கொள்வார்கள், காரியம் கெட்டுவிடும் என்று துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டான். பதினொரு மணிக்கு நீ எழுந்தது தெரியும். பை எடுத்தது தெரியும். கதவு திறந்து மூடியதும் தெரியும். லாரி வந்திருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறாய், திரும்பி வந்து எழுப்புவாய் என்று காத்திருந்தான்.

ஒரு மணிக்கு சூப்பர்வைசர் வந்திருக்கிறான். வெற்றி எழுந்து உட்கார்ந்து பார்த்தான். உன் படுக்கையில் போர்வையும் தலையணையும் ஆள் மாதிரி சுருண்டு கிடந்தன. சூப்பர்வைசர் அதைக் கைகாட்டி உன் பேரைச் சொன்னான். வெற்றி "த்வார்மே" என்றான். அவனும் போய்விட்டான்.

"அப்போ எதுக்குடா சொன்னே?" என்றேன். "மாமா எனக்காக வருவார்னு நெனச்சேன்கா. நான் எதுனா சொல்லி மாட்டி வுட்டுட்டா ரெண்டு பேருமே போவ முடியாது" என்றான்.

நாலு மணிக்கு மறுபடி அந்த ஆள் வந்தான். ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. நீ வரப் போவதில்லை என்று வெற்றிக்குத் தெரிந்துபோயிருந்தது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டானாம். அப்போதும் உன் போர்வையைக் காட்டி "த்வார்மே" என்றே சொல்லியிருக்கிறான். ஆறு மணிக்கு ஷிப்டு பஸ் வந்து ஆள் எண்ணியபோதுதான் தெரிந்தது. உடனே போலீசுக்குப் போன் போட்டார்கள். நீ எல்லையை எத்தனை மணிக்குத் தாண்டினாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கணக்குப் போட்டுக்கொள். சூப்பர்வைசர் அவன் சட்டையைப் பிடித்து, இரண்டு தடவை என்னை ஏமாற்றினாய் என்று சுவரில் சாய்த்திருக்கிறான். அந்த இரண்டு தடவைக்குத்தான் உடந்தை என்று பேர் எழுதியது.

"ரெண்டாவது வாட்டி ஏன்டா சொன்னே?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றான்.

உன்மேல் நான் இத்தனை மாதம் வைத்திருந்த கோபம் சின்னதாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய கோபமாக வந்தால் நன்றாக இருக்கும். வரவில்லை. அவன் இப்போது படுத்தால் தூங்குவதில்லை. நடையில் பாய் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். மூச்சைக் கேட்டாலே தெரியும், விழித்துத்தான் இருக்கிறான் என்று. எனக்கும் தூக்கம் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. ஒரு வீட்டில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறோம்.

இதற்கு என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. எழுது.

அனுசுயா


அல்மேரியா
13 அக்டோபர் 2024

அன்புள்ள அனுவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

லாரி எல்லையைத் தாண்டியது ஐந்தே முக்கால் மணிக்கு.

அதை எழுதிவிட்டேன். இனி இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போகும்போது அவன் படுக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கீழ்ப் படுக்கை. போர்வை ஒரு பக்கம் தூக்கியிருந்தது. ஷூ நுனி வெளியே தெரிந்தது. நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாவம், அசதியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே போனேன். அனு, அவன் ஷூவோடு தூங்குகிறவன் இல்லை. செருப்பை வாசலுக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான், உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவன் விழித்திருக்கிறான் என்று தெரிந்துதான் போனேன்.

நல்ல தூக்கம் என்று உனக்கு முதல் கடிதத்தில் எழுதினேனே, அது இடத்தைப் பற்றிச் சொன்ன பொய்யைவிடப் பெரிய பொய்.

இங்கே மேஸ்திரி நல்லவன். மூன்று வருடம் ஸ்பெயினில் இருந்ததாகக் காட்டினால் பேப்பருக்கு எழுதித் தருகிறேன் என்கிறான். எனக்கு இன்னும் இரண்டே முக்கால் வருடம் இருக்கிறது. இன்னொரு வழி, மாட்ரிட்டில் நம்ம எம்பசிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போக ஒரு தாள் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் ருமேனியா கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டது. அந்தத் தாளை வாங்கிவிட்டால் திரும்ப இந்தப் பக்கம் வர முடியாது. இரண்டில் ஒன்றை நான் முடிவு செய்ய வேண்டும். என்னால் செய்ய முடியவில்லை. முடிவு எடுத்து எடுத்து இங்கே வந்து நிற்கிறேன், என் முடிவுமேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

எனக்கு வர வேண்டும். அதை ஒளிக்கவில்லை. ரொம்ப அசதியாக இருக்கிறது. முப்பத்திரண்டு வயசுக்கு இவ்வளவு அசதி கூடாது. உன் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க, எந்தக் கறவைக்கும் எந்த மேஸ்திரிக்கும் எழுந்திருக்காமல் படுக்க வேண்டும். ஆனால் வெற்றி இருக்கிற வீட்டில் நான் எந்த முகத்தோடு வந்து நிற்பது? அது உங்கள் அம்மா வீடு. அவன் வீடு. என் வீடு என்று சொல்லும் வாய் எனக்கில்லை.

அதனால் ஒரே ஒரு வேலை செய். முதலில் ஷூ விஷயத்தை அவனிடம் சொல். மறைக்காதே, குறைக்காதே. அதைக் கேட்ட பிறகு, நான் வரலாமா என்று அவனைக் கேள். நீ வா என்றாலும் அவன் வேண்டாம் என்றால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். அவன் சொல்கிறபடி.

டில்லிபாபு


கள்ளிக்குப்பம்
8 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நான் தாமதம் செய்யவில்லை. அவன் பதில் சொல்லத்தான் இவ்வளவு நாள்.

உன் கடிதம் வந்த அன்றே ஷூ விஷயத்தைப் படித்துக் காட்டினேன். நீ சொன்னபடி ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். "தெரியுங்கா. நின்னாரு. கண்ண மூடிகினு இருந்தாலும் பக்கத்துல ஆள் நிக்கறது தெரியாதா. எம்மாந் நேரம் நின்னாரு தெரியுமா, நான் மனசுல எண்ணிகினு இருந்தேன்" என்றான்.

"நீயாவது எழுந்திருக்கலாமேடா" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"அவர் எழுப்பறேன்னாரேக்கா" என்றான்.

நான் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காகவா, அவனுக்காகவா, வானகரம் மாடிப்படியில் அவனைத் தள்ளிய எனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. அப்படி ஒன்று நடந்ததா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நீ அந்த ஷூவை எழுதாமல் இருந்திருக்கலாம், எழுதாவிட்டால் எங்களுக்குத் தெரியவே போவதில்லை என்று நினைத்தும் எழுதியிருக்கிறாய். அதை நினைத்துக்கொள்கிறேன்.

நீ வரலாமா என்று முதல் தடவை கேட்டபோது எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டாவது தடவை, "எனுக்கு தெரியாது, உன் புருசன், நீ பாத்துக்க" என்றான். அப்புறம் நான் கேட்கவில்லை. எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிட்டர் வேலைக்குச் சேர்ந்தான். பகல் ஷிப்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறான். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. அம்மா இப்போது சாப்பிடுகிறாள்.

போன வாரம் புயல் மழை. கள்ளிக்குப்பத்தில் நம்ம தெரு பூரா முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, யாரும் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் மூன்று பேரும் வீட்டுக்குள். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா திடீரென்று அவனைப் பார்த்துக் கேட்டாள், "டேய், அந்த ஆளு எங்கடா தூங்குவான், இந்த மழைக்கு?" அங்கே மழை இல்லை, வேறு தேசம் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் வெற்றி தூங்கினான். வந்ததிலிருந்து முதல் தடவை. வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு, நாலு மணி நேரம். நானும் அம்மாவும் பாத்திரச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து டீ குடிக்கும்போது அவனாகவே ஆரம்பித்தான்.

"அந்த ரெண்டாவது வாட்டி ஏன் சொன்னேன்னு கேட்டியே."

"ஆமா."

"அந்த ஆளு போர்வையத் தூக்கிப் பாத்தா உள்ள தலகாணிதான் கீதுன்னு தெரிஞ்சிடும். தெரிஞ்சா, மாமா என்ன வுட்டுட்டு போயிட்டாருன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அதான்கா. அவர் மாட்டக் கூடாதுன்னு இல்ல. எனுக்கு அசிங்கமா இருந்திச்சி. கொஞ்ச நேரமாவது அவர் அங்கதான் தூங்கறாருன்னு இருக்கட்டும்னு பாத்தேன்."

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நீ எதையும் ஒளிக்கவில்லை, அதனால் நானும் ஒளிக்கவில்லை.

அப்போதுதான் மூன்றாவது தடவையாகக் கேட்டேன். வரலாமா என்று. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சொன்னான். அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், நீ மாட்ரிட் போவதோ இருப்பதோ இதைப் படித்த பிறகு உன் பாடு.

"வரச் சொல்லு. நடையில என் பக்கத்துலயே பாய் போட்டுக்கட்டும், முதல்ல கொஞ்ச நாள் அங்க படுக்கட்டும். ஆனா இனிமே அந்த மனுசன் எங்க போறதா இருந்தாலும், தெருமுனை கடைக்குப் போறதா இருந்தாக்கூட, என்ன எழுப்பிட்டுப் போவச் சொல்லு."

அனுசுயா